அப்பிச்சியோட தறிக்குழிய மூடப்போறாங்க, ஒரு ரோசனை வேணுங்க

கூடுதுறை
ஞாயிறு, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கமுங்க. நெம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 39 வயசு. திருப்பூர்ல பனியன் கம்பெனில பிரிண்டிங் டிசைன் வேலை, 16 வருசமாச்சு. பையர் அனுப்பற ஆர்ட்வொர்க்க கலர் கலரா பிரிச்சு ஸ்கிரீனுக்கு ரெடி பண்ணித் தர்றது, சில சமயம் நானே வரையறது. ஊட்ல அவங்க ஸ்கூல் டீச்சரு, ரெண்டு புள்ளைங்க, வீட்டு லோன் இன்னும் ஒம்போது வருசம் ஓடோணும். கொறைன்னு சொல்ல ஒண்ணுமில்லீங்க.

எங்கம்மா பொறந்த ஊடு பவானி. அப்பிச்சி, அம்மாவோட அப்பா, ஜமக்காளம் நெய்தவரு, போன ஆடில தவறிட்டாரு. ஆசாரத்துல, அதான் ஊட்டுக் கூடத்துல, குழித்தறி இருந்துச்சு, அவருக்கு மொழங்கால் வலி வந்து தறிய நிறுத்தி எட்டு வருசம் ஆகுது, மரமெல்லாம் பிரிச்சு அட்டாலில போட்டாச்சு, ஆனா குழி மட்டும் அப்படியே இருக்குது, மேல பலகை போட்டு அதுமேல கட்டலப் போட்டு அம்மாயி, அம்மாவோட அம்மா, படுத்துக்கறாங்க. இப்ப மாமன் பையனுக்கு வைகாசில கல்யாணம், அதுக்குள்ள குழில மண்ணக் கொட்டி டைல்ஸ் ஒட்டோணும்னு மாமன் சொல்றாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, ஒறம்பரை வந்து போற ஊடு, எத்தன நாளைக்குப் பலகை மேல நடக்கறது.

போன வாரம் போயிருந்தப்ப கட்டல நவுத்திப் பலகைய எடுத்துப்போட்டு உள்ள எறங்கி உக்காந்தேன். மண்ணு சில்லுனு இருந்துச்சு. மிதிக்கட்டை இருந்த எடத்துல தரையில ரெண்டு பள்ளம், குதிகால் அளவுக்கு, அம்பது வருசம் அவரு கால் ஊனி ஊனி வுழுந்த பள்ளம். என்ற குதிகாலு அதுல போயிப் பொருந்தி உக்காந்துக்கிச்சு. எந்திரிக்க மனசே வரலீங்க. அந்தத் தறிய மறுக்கா மாட்டி, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே வரைஞ்ச வரிகள நெய்யோணும்னு அப்பத் தோணுச்சு, இன்னும் போகல.

இன்னொன்னையும் சொல்லிப்போடறேன், இத யாருகிட்டயும் சொன்னதில்ல. போன மாசம் ஒரு சாம்பிளுக்கு ஒரு படம் குடுத்தாங்க. யாரோ ஒரு பொண்ணு நெட்டுல போட்டிருந்தது, மீன்கொத்தி ஒண்ணு, கோடு எங்கயும் அறாம ஒரே இழுப்புல வரைஞ்சது. அப்படியே போட்டா பிரச்சன வரும், அலகையும் வாலையும் கொஞ்சம் மாத்திக் குடுன்னாங்க. மாத்திக் குடுத்தேன். மூலையில சின்னதா பேரு எழுதியிருந்துச்சு, அத நாந்தான் அழிச்சேன். பத்து நிமிச வேலை. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்ல, அதுல இருந்துதான் தறி நெனப்பும் எச்சாப் போச்சு.

இது நெசமாவே எனக்குள்ள இருக்கற ஆசையா இல்ல அப்பிச்சி போன வெசனமான்னு தெரீல. நடு வயசுல இப்படி ஒண்ண ஆரம்பிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


சென்னிமலை தறிக்காரர்
திங்கள், காலை 6:05

தம்பி, மொதல்ல தறியப் பேசிருவோம், மத்தத அப்பறம் பாக்கலாம். நான் கைத்தறில பொறந்து பவர்லூம்ல பொழைக்கறவன், ரெண்டும் தெரியும்.

குழி இருக்குதுன்னா பாதி வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. காலத் தொங்கப் போடறதுக்கு மட்டும் குழி வெட்டல, மண்ணோட ஈரம் பாவுக்கு, நீளவாக்குல கட்டின நூலுக்கு, ஏறோணும். பருத்தி நூலு காஞ்சா படக்குனு அறும், ஈரப்பதம் இருந்தா தாங்கும். டைல்ஸ் ஒட்டுன மாடில சித்திரை வெயில்ல தறி ஓட்டிப் பாரு, பொழுதுக்கும் அறுந்த இழையக் கட்டிட்டே உக்காந்திருப்ப.

அட்டாலில கெடக்கற மரத்த எறக்கி கரையான் பாரு. பண்ணை, அதான் பாவு இழைங்க புகுந்து வர்ற சீப்பு, துரு ஏறியிருந்தா தேச்சாலும் ஆகாது, நூல வெட்டும். பாவு இழையத் தூக்கி எறக்கற விழுது நூலு எட்டு வருசத்துல மக்கிப் போயிருக்கும். பெரிய ஜமக்காளம்னா ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து குறுக்க போற ஊடை நூலு வெச்ச நாடாக் கட்டைய ஒருத்தரு எறிய இன்னொருத்தரு வாங்கோணும், ஒத்தையா நெய்யறதா இருந்தா அகலத்தக் கொறச்சுக்கோ.

காசு வரும்னு நெனச்சு மட்டும் எறங்காத. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லயே புவிசார் குறியீடு ஆச்சு. 1985 சட்டத்துல கைத்தறிக்குன்னு ஒதுக்கின ரகத்துல ஜமக்காளமும் இருக்குது. அப்படி இருந்தும் விசைத்தறில ஓட்டி பவானி பேரச் சொல்லி விக்கறாங்க, வாங்கறவங்களுக்கு வெலை தெரியுது, கை தெரியறதில்ல. லோன் கட்டற காசுல கை வெக்காம செய்.

ஏன் செய்யச் சொல்றேன்னு கேட்டா இதுக்குத்தான். பவர்லூம் ஓடறப்ப நான் அதுக்குக் காவலுக்கு நிக்கறேன், அறுந்தா கட்டறேன், நின்னா ஓட்டறேன். கைத்தறில ஒவ்வொரு ஊடைக்கும் நாந்தான் முடிவெடுக்கோணும், பச்சைய இங்க நிறுத்திச் சிவப்ப எடுக்கலாமா இன்னும் நாலு இழை போகட்டுமான்னு கை கேக்கும், மனசு சொல்லோணும். எங்கப்பாரு நெய்யறப்ப பக்கத்துல உக்காந்து பாத்திருக்கறேன், வாய்க்குள்ளயே எண்ணிட்டு இருப்பாரு, யாராச்சும் கூப்புட்டாக்கூட அந்த வரி முடியற வரைக்கும் ஏன்னு கேக்க மாட்டாரு. அந்த மாதிரி ஒரு நேரம் எனக்கு இந்த முப்பது வருசத்துல கெடைக்கல.

என்கிட்ட பழைய பண்ணை ஒண்ணு நல்லா இருக்குது. வந்து எடுத்துக்கோ, காசு வேண்டாம்.


ஊத்துக்குளி
திங்கள், மதியம் 1:40

துணிஞ்சு எறங்குங்ணா. நம்ம கோயமுத்தூர் முருகானந்தம் அண்ணன் நாப்கின் மிசினு செய்யறப்ப ஊட்டுக்காரம்மாவும் விட்டுட்டுப் போயிட்டாங்க, பெத்த தாயும் போயிட்டாங்க, அப்பவும் அவரு விடல. கடைசில ரெண்டு பேரும் திரும்ப வந்தாங்க, 2016ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நம்பிக்கைன்னா அது. பாதிக்காலு ஆத்துல பாதிக்காலு கரையிலன்னு நின்னா எதுவும் ஆகாதுங்ணா, வேலைய விட்டுப்போட்டு முழுசா எறங்குங்க.


மோட்டார் பட்டறை
திங்கள், இரவு 9:15

ஊத்துக்குளி தம்பி நல்ல மனசுல சொல்றீங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். முருகானந்தம் மேல எனக்கு மரியாதை உண்டு. அவரு பட்ட பாட்ட நாம படோணும்னு அதுக்கு அர்த்தமில்லீங்க. பீளமேட்டுல 40 வருசம் மோட்டார் வைண்டிங் பட்டறை வெச்சிருக்கறேன். புதுசா ஒரு பம்பு செய்யறேன்னு இருந்த காட்டை வித்துப்போட்டு எறங்கினவங்க மூணு பேர எனக்குத் தெரியும். மூணு பேருமே மூளைக்காரங்க. ஒருத்தரு இப்ப வாட்ச்மேனு. அவங்க கதைய யாரு வந்து எழுதறாங்க?

ஜி.டி.நாயுடுவ எடுத்துக்கோங்க. கலங்கல்ல பொறந்தவரு, பள்ளிக்கூடப் படிப்பு பெருசா கெடையாது. வெள்ளக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளப் பாத்துட்டு, கோயமுத்தூர்ல ஓட்டல் வேலைக்கு நின்னு, வருசக்கணக்கா காசு சேத்தி அந்த வண்டிய வாங்கினாரு. வாங்கி ஓட்டுனதா முக்கியம், பிரிச்சுப் போட்டு மறுக்கா மாட்டினாரு பாருங்க, அதுதான். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸு விட்டாரு. நாட்டுலயே மொதல்ல இங்க கரண்டு மோட்டார் செஞ்சாங்கன்னு பெருமையாப் பேசறமே, அது 1937. நடுவால அந்த 17 வருசம் பஸ்ஸு ஓடி சோறு போட்டுச்சு, பட்டறைல கை பழகுச்சு. அந்த 17 வருசத்த யாரும் பேசறதில்ல.

தம்பி கூடுதுறை, உங்களுக்கு வாரத்துல ஒரு நாள் இருக்குது. அது போதும். என்ற பட்டறைல வேலைக்கு வர்ற பசங்களுக்கு மொத ஆறு மாசம் எரிஞ்சுபோன காயிலப் பிரிக்கற வேலை மட்டுந்தான் குடுப்பேன். எத்தன சுத்து, எந்தக் கம்பி, எங்க சேத்திருக்குதுன்னு விரலுக்குத் தெரியோணும். பிரிக்கத் தெரியாதவன் சுத்தினா அந்த மோட்டாரு நெலச்சு ஓடாது. உங்க அம்மாயி ஊட்ல பழைய ஜமக்காளம் கிழிஞ்சது ஒண்ணு கெடந்தா மொதல்ல அத இழை இழையாப் பிரிங்க. காசு செலவில்ல.


கும்மியக்கா
செவ்வாய், காலை 10:30

கண்ணு, நீ எழுதினதப் படிச்சுப்போட்டு அடுப்புல வெச்ச பாலு பொங்கினதுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன். குதிகால் பள்ளத்தச் சொன்ன பாரு, அது எனக்குப் புரியுது, எனக்கும் காலுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

எனக்கு 52 வயசு, காரமடைப் பக்கம். 46 வயசு வரைக்கும் ஊட்டு வாசலத் தாண்டி நான் எனக்குன்னு ஒண்ணும் செஞ்சதில்ல, மாடு, பாலு, சோறு, மாமியாளுக்கு மருந்து, இப்படியே. ஒரு நாள் பொழுதோட மாரியம்மங்கோயில் தெடல்ல வள்ளி கும்மி பழக்கறாங்கன்னு சொல்லிப் பக்கத்தூட்டுப் புள்ளைய விடப் போனேன், ஆசிரியரு நடுவுல நின்னு வள்ளி தெனப்புனம் காக்கற பாட்டப் பாடறாரு, சுத்தி நாப்பது பேரு குனிஞ்சு கை தட்டி நிமுந்து ஒரே மாதிரி காலெடுத்து வெக்கறாங்க, அந்தச் சத்தம் மண்ணு வழியா என்ற பாதத்துக்கு வந்துச்சு கண்ணு, நான் ஓரமா நின்னுட்டு இருக்கறேன் காலு தானா அடி போடுது. ஆசிரியரு பாத்துப்போட்டு உள்ள வாங்க அம்முணின்னாரு.

ஊட்ல ஓரியாட்டந்தான். இந்த வயசுல ஆட்டமான்னு கொழுந்தனாரு ஒறம்பரை முன்னால கேட்டாரு, எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல, அதுதான் நெம்ப வலிச்சுது. நான் வாக்குவாதம் பண்ணல. மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு, சாப்பாடு எடுத்து வெச்சுப்போட்டு, தெனம் ஏழு மணிக்குக் கெளம்பிருவேன். பாதம் வீங்கிப் போகும், உப்புத் தண்ணில வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அரங்கேற்றத்தன்னிக்கு எல்லாத்துக்கும் ஒரே கலரு சீலை, தெடலு நெறைய சனம், முன்னால எங்கூட்டுக்காரரு நிக்கறாரு. யாரு கூப்புட்டாங்கன்னு இன்னிவரைக்கும் கேக்கல.

எங்க மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 87 வயசுல. அந்தக் காலத்துல இந்தக் கும்மி ஆம்பளைங்க ஆடறதுதான், அவருதான் பொம்பளைங்களுக்கும் பழக்கிக் குடுத்தாரு. அவரு அப்படிச் செஞ்சிருக்காட்டி எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்தத் தெடல்ல என்ன எடம் இருந்திருக்கும் சொல்லு. ஒருத்தரு சரின்னு பட்டதச் செஞ்சாரு, அது பல வருசம் கழிச்சு எங்கயோ மாட்டுச்சாளைல நின்னவள வந்து தொட்டுச்சு.

வெசனமா ஆசையான்னு கேட்ட. வெசனத்துல இருந்தும் ஆசை மொளைக்கும் கண்ணு, பிரிச்சுப் பாத்துட்டு இருக்காத. உங்க அம்மாயிகிட்ட கேட்டியா? அவங்களப் பத்தி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கற.


நொய்யல்கரை
செவ்வாய், இரவு 11:50

எல்லாரும் தறியப் பத்திச் சொல்றீங்க, எனக்கு அந்த மீன்கொத்திதான் உறுத்துது.

நான் 2009 வரைக்கும் திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல சூப்பர்வைசரு. எங்க காடு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. 1992ல பாசனத்துக்குன்னு கட்டின அணை, கடைசில சாயத்தண்ணி தேங்கற தொட்டியாப் போச்சு. அணையில தண்ணி தேக்காதீங்கன்னு விவசாயிங்களே போராடின ஊரு வேற எங்கயாச்சும் உண்டாங்க? பருத்தில ரியாக்டிவ் சாயம் ஏறோணும்னா உப்பு நெம்பப் போடோணும், துணி சாயத்த எடுத்துக்கும், உப்ப எடுத்துக்காது, அது அப்படியே தண்ணியோட வெளிய போகும். ராத்திரி மழை பேயறப்ப வால்வத் தொறந்து விடுன்னு எங்க பட்டறைல சொல்லுவாங்க. தொறந்து விட்டது நான். மக்காநாள் ஊருக்குப் போனா எங்கப்பா தென்னைய அண்ணாந்து பாத்துட்டு நிப்பாரு, குரும்பை பூரா கொட்டிக் கெடக்கும். என்ற கையி தொறந்த தண்ணி என்ற காட்டுக்கே வந்துச்சு.

மூணு வருசம் நான் என்ன செஞ்சேன்னா, இயற்கை வெவசாயக் கூட்டத்துக்கெல்லாம் போனேன், மரக்கன்னு நட்டேன், நொய்யலப் பத்திக் கவிதைகூட எழுதினேன். அதெல்லாம் நல்லதுதான், இல்லைங்கல. ஆனா திங்கக்கெழம ராத்திரி வால்வு என்ற கைலதான் இருந்துச்சு. ஒரு நாள் முடியாதுங்கன்னு சொன்னேன். சண்டையெல்லாம் போடல, நான் தொறக்கலைங்க, வேற யாரையாச்சும் தொறக்கச் சொல்லுங்கன்னேன். வேற ஒருத்தன் தொறந்தான். ஆறு வாரத்துல என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்க. 2011 ஜனவரில ஐகோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னப்ப ஊரே வேலையில்லாம நின்னுச்சு, அந்த வலியையும் நான் பாத்தேன், அதனால நான் ஜெயிச்சேன்னு சொல்ல வரல. எனக்கு ரெண்டு வருசம் கடன்தான்.

ஈரோட்டுல பெரியாரு கள்ளுக்கு எதிரா நின்னப்ப மொதல்ல தன்ற தோப்புல இருந்த தென்னையத்தான் வெட்டினாரு. அடுத்தவன் தோப்புக்குப் போகல. எனக்கு இது ஒண்ணுதான் அளவுகோலு. தறி போடுங்க, சந்தோசம். ஆனா திங்கக்கெழம அந்த மவுஸ் உங்க கைலதானே இருக்கும்?


ஊத்துக்குளி
புதன், காலை 8:10

நொய்யல்கரை அண்ணா, கொஞ்சம் கடுசாச் சொல்லிப்போட்டீங்க. சம்பளத்துக்கு வேலை செய்யறவரு, மேல இருந்து சொன்னா என்ன பண்ணுவாரு? ரெண்டு புள்ளைங்க இருக்குது.


நொய்யல்கரை
புதன், காலை 8:45

எனக்கும் ரெண்டு புள்ளைங்கதான் தம்பி. கடுசுன்னா மன்னிச்சுக்கோங்க. அவரே கேக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன், அந்தப் பேர அழிச்சத அவராத்தான் வந்து எழுதினாரு. எழுதாம இருக்க முடியல அவருக்கு.


அந்தியூர் பொண்ணு
புதன், இரவு 10:05

கூடுதுறை அண்ணா, நான் டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருசம் படிக்கறேன். நானும் படம் வரைஞ்சு நெட்டுல போடுவேன். போன வருசம் நான் வரைஞ்ச ஒரு ஊஞ்சல ஒரு பனியன்ல பாத்தேன், ஈரோடு ஜவுளிச் சந்தையில, கொக்கில மாட்டித் தொங்குது. கயித்துல ஒரு முடிச்சு நான் தப்பா வரைஞ்சிருந்தேன், அந்தத் தப்பு முடிச்சு அப்படியே இருந்துச்சு. பேரு மட்டும் இல்ல. அழுகை வரலண்ணா, வயித்துக்குள்ள என்னமோ எறங்கின மாதிரி இருந்துச்சு, அதுக்கப்பறம் ரெண்டு மாசம் எதுவுமே வரையல. அது 120 ரூவா பனியனு, நான் வாங்கல.

உங்க மேல கோவம் இல்லண்ணா. நீங்க இங்க எழுதினதப் பாத்தப்பறம் அந்தப் பக்கத்துலயும் தூக்கம் வராம ஒருத்தரு இருந்திருப்பாருன்னு ஒரு நெனப்பு வந்துச்சு, அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மீன்கொத்தி மூலைல இருந்த பேரு உங்களுக்கு நெனப்பிருக்குதாங்ணா?


கூடுதுறை
வியாழன், அதிகாலை 2:30

நெனப்பிருக்குது பாப்பா.


மோட்டார் பட்டறை
வியாழன், காலை 7:00

அந்தியூர் பாப்பா, அந்த ரெண்டு மாசத்துக்கு அப்பறம் மறுக்கா வரைய ஆரம்பிச்சியா இல்லியா, அதச் சொல்லு. எனக்கு அது தெரியோணும்.


அந்தியூர் பொண்ணு
வியாழன், மாலை 6:20

ஆரம்பிச்சுட்டேங்க ஐயா. எங்க பாட்டி சுண்டக்கா பறிக்கறப்ப அவங்க கைய வரைஞ்சேன். விரல் நகமெல்லாம் கறை புடிச்சு இருக்கும். அத எங்கயும் போடல, நோட்டுலயே இருக்குது.


கூடுதுறை
ஞாயிறு, இரவு 10:40

மூணு வாரம் ஆச்சு, எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

மொதல்ல அந்தப் பொண்ணுக்கு எழுதினேன். அவங்க பக்கத்தத் தேடிப் புடிச்சு, நான் இந்த வேலைல இருக்கறேன், உங்க மீன்கொத்திய மாத்தி சாம்பிள் போட்டது நாந்தான், பேர எடுத்ததும் நாந்தான்னு. நாலு வாட்டி எழுதி அழிச்சு அஞ்சாவது வாட்டி அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ஆர்டரு ஆயிருச்சான்னு கேட்டாங்க. அந்தச் சாம்பிள பையரே வேண்டாம்னுட்டாங்க, ஓடலைங்கன்னு சொன்னேன். சரின்னு மட்டும் போட்டாங்க. மன்னிச்சேன்னு சொல்லல. சொல்லோணும்னு நான் எதிர்பாக்கறது நாயமில்ல.

அடுத்த வாரமே இன்னொரு படம் வந்துச்சு, அதே மாதிரி. நொய்யல்கரை அண்ணன் சொன்னது காதுலயே இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி, இது என்னால முடியாதுங்க, இதே கருத்துல புதுசா வரைஞ்சு தர்றேன், ரெண்டு நாள் குடுங்கன்னேன். ஷிப்மென்ட்டு நேரத்துல இதென்ன புதுப் பழக்கம்னு சத்தம் போட்டாங்க. படத்த வேற பையனுக்குக் குடுத்துட்டாங்க. என்னையக் கலர் மேச்சிங் பக்கம் மாத்தியிருக்காங்க, ஒண்ணரை ஷிப்டு இனிமே இல்ல, சம்பளம் கொறையும். ஊட்ல சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் டியூசன் எடுக்கலாம்னு இருக்கறேன்னாங்க. பயமாத்தான் இருக்குது. தூக்கம் வருது.

படத்த வாங்கின அந்தப் பையன் மத்தியானம் டீக்கடையில வந்து நின்னான். எண்ணா நீங்க ஏன் செய்யலன்னு கேட்டான். சொன்னேன். அவன் செஞ்சு குடுத்துட்டான், கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருக்குது அவனுக்கு. அவன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இப்ப தறி. ஆசாரத்துக் குழிய மூடியாச்சுங்க. மாமன்கிட்டக் கேட்டேன், முடியலன்னுட்டாரு, கல்யாண ஊடு. மண்ணு கொட்டறப்ப நான் அங்கதான் இருந்தேன். அந்தக் குதிகால் பள்ளத்து மேல மொத கூடை மண்ண அம்மாயிதான் கொட்டினாங்க, வேற யாரும் கொட்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க.

கும்மியக்கா, நீங்க கேட்டீங்களே அம்மாயியப் பத்தி. அன்னிக்கு ராத்திரி அவங்கதான் ஆரம்பிச்சாங்க. பெரிய ஜமக்காளத்துக்கெல்லாம் தறியில எடது பக்கம் உக்காந்தது அம்மாயின்னு எனக்கு இத்தன வருசமாத் தெரியாதுங்க. நான் பாத்தது அப்பிச்சி ஒத்தையா சின்னது நெய்யறப்பத்தான். 27 வருசம் அவரு எறிஞ்ச நாடாவ வாங்கித் திருப்பி எறிஞ்சிருக்காங்க. ஊட்ல யாருமே அத நெசவுன்னு சொன்னதில்ல, கூட மாட ஒத்தாசைன்னுதான் சொல்லுவாங்க. கைய நீட்டுன்னாங்க, தகரப்பொட்டில இருந்து நாடாவ எடுத்து உள்ளங்கைல வெச்சாங்க. வழவழன்னு, ஒரு பக்கம் மட்டும் எச்சாத் தேஞ்சு இருந்துச்சு. அந்தப் பக்கம் என்றதுன்னாங்க.

மாட்டுச்சாளை சும்மாத்தான் கெடக்குது, மாடு வித்து ஆறு வருசம். பொடக்காலிப் பக்கம் ஓடு வேஞ்சது, மண்ணுத் தரை. அங்க வெட்டுன்னாங்க. ரெண்டு ஞாயித்துக்கெழமையா வெட்டினோம், நானும் என்ற பையனும், மாமனும் வந்து ஒரு கை புடிச்சாரு. சென்னிமலை அண்ணன் பண்ணையும் குடுத்து, விழுது கட்ட ஒரு பெரியவரையும் அனுப்பி வெச்சாரு, அந்த ஒதவிய எப்படித் திருப்பறதுன்னு தெரீல. பாவு பொணைக்கறது அம்மாயி. 81 வயசு, கண்ணு செரியாத் தெரியல, சாம்பலத் தொட்டுட்டு ரெண்டு இழையச் சேத்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான், இழுத்தாலும் வுடறதில்ல. நான் முறுக்கினது பத்துல ஆறு அவுந்துருது.

இன்னிக்கு மொத வாட்டி மூணு விரக்கடை நெஞ்சேன். கரை இழுத்துட்டுப் போயி உள்பக்கமா வளைஞ்சிருச்சு. அம்மாயி கையால தடவிப் பாத்துட்டு, பிரிச்சுப் போட்டு நெய்யின்னுட்டாங்க. மோட்டார் பட்டறை ஐயா சொன்ன மாதிரி பிரிக்கறதுதான் மொதல்ல கெடைச்சுது. பாதி பிரிச்சுட்டு இருக்கறப்ப அம்மாயி சொன்னாங்க, அப்பிச்சி எந்த ஜமக்காளமானாலும் ஆரம்பத்துக் கரையோரம் ஒத்த மஞ்ச இழை விடுவாராம், எத்தன பேரு நெஞ்சது ஒண்ணா மடிச்சு வெச்சிருந்தாலும் அவரு தன்றதக் கண்டுபுடிச்சுருவாராம். அகலத் தறில ரெண்டு இழை. ரெண்டாவது அம்மாயிக்கு.

என்கிட்ட மஞ்ச நூலு இல்ல. அந்தத் தடி நூல்லயே, வெளுக்காத சாயத்துல, கொஞ்சமா ஒரு கண்டு இருந்தாப் போதும், ஈரோட்டுல சில்லறையாக் குடுக்க மாட்டேங்கறாங்க. யாருகிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்குள்ள நானே வந்து வாங்கிக்கறேன்.


சென்னிமலை தறிக்காரர்
ஞாயிறு, இரவு 10:58

இருக்குது. காலைல பஸ்ஸுல குடுத்து விடறேன், பெருந்தொறைல நின்னு வாங்கிக்கோ. ரெண்டு இழைக்கு ஆகற அளவுக்கே வெச்சுக் கட்டறேன்.